ஆளில்லாத வெள்ளைப் படகு

மலையடிவாரத்துச் சீட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை எல்லோரும் 'உச்சி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்துமூன்று வருஷமாக அதே நாற்காலி. ஏற வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும், பெயரைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், இறங்கி வந்ததும் அதே பதிவேட்டில் அவர்களைக் கருத்து எழுத வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் மனிதர் ஒரு நாளாவது சீட்டை வெறுமனே நீட்டியிருப்பாரா? கிடையவே கிடையாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இரண்டு கையையும் விரித்து, உச்சியில் என்னென்ன தெரியும் என்பதை ஒப்பித்து முடித்தால்தான் சீட்டு கைக்கு வரும்.

"மேல போனதும் முதல்ல மூச்சு வாங்கிக்குங்க. அப்புறம் நேரா பாருங்க. ஏரி! ஏதோ குளம் குட்டைன்னு நினைச்சிடாதீங்க, கண்ணு கொள்ளாத ஏரி. இந்தப் பக்கம் ரயில் பாலம். அந்தப் பக்கம் சிவப்பு ஓட்டு வீடுங்க, எண்ணினா பதினேழு. ஏரி நடுவுல ஒரே ஒரு வெள்ளைப் படகு. அதுல ஆளே இருக்காது. அது பாட்டுக்கு நிக்கும்."

கேட்டவர்கள் வாயைப் பிளந்துகொண்டு மலையைப் பார்ப்பார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன்கூட தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுவான்.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். உச்சி சார் அந்த மலையில் ஒரு நாளும் ஏறியதில்லை.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஏறிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார், பாவம். ஆனால் வேலை நேரத்தில் சீட்டு அறைச் சாவி அறையை விட்டு வெளியே போகக் கூடாது, அறையைத் திறந்து போட்டுவிட்டும் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், போகவே கூடாது என்றாகிறது. சரி, இறங்கி வருகிறவர்களையாவது கேட்போம் என்று கேட்டார். ஒருவர் ஏரி என்றார். இன்னொருவர் பாலம் என்றார். வேலையில்லாத ஒரு புண்ணியவான் ஓட்டு வீடுகளை எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். ஆறே மாதத்தில், ஏறிவிட்டு வருகிறவர்களைவிட உச்சி சாருக்கு உச்சியைப் பற்றி அதிகம் தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு வேலை மெனக்கெட்டு ஏறுவது?

ஆனால் படகை யாரும் வந்து சொல்லவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

அது நடந்தது அவர் வேலைக்கு வந்த மறு வருஷம். சிப்பந்திகளுக்குச் சீருடை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று ஒரு தையல் கடையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் டேப், காதில் சொருகிய பென்சில். அதிகம் பேசாத பெண். தோள் அளவு எடுக்கும்போது உச்சி சார் ஏரியைச் சொன்னார். கை அளவுக்குப் பாலம். மார்பு அளவு எடுக்கையில் பதினேழு வீடுகளும் தீர்ந்துபோயின. அவள் டேப்பைச் சுருட்டப் போனாள். "வேற என்னங்க தெரியும்?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தாள். வேறு எதுவும் இல்லை.

"ஒரு வெள்ளைப் படகு," என்றார். "ஆளே இல்லாம, தனியா."

அவள் கை அப்படியே நின்றது. "ஆளே இல்லாமயா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தைத்து வந்த சட்டையில் ஒரு கை மற்றதைவிட இரண்டு விரல் நீளம். அதைச் சரிசெய்ய நாலு தடவை வரப்போக இருந்தாள். ஐந்தாம் மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாராவது, "இவரை எப்படிம்மா புடிச்சே?" என்று கேட்டால், இப்போது எல்லோருக்கும் தையலக்காவாகிவிட்ட அவர் இன்றைக்கும் அந்தப் படகைத்தான் சொல்வார். "மத்தவங்க எல்லாம் எத்தனை பேரைத் தெரியும், எவ்வளவு சம்பாதிக்கிறோம்னு சொல்லிக்குவாங்க. இவர் மலை மேல ஏறி நின்னு, ஆளில்லாத படகைப் பார்த்துட்டு வந்து சொன்னாரே, அந்த மனசு யாருக்கு வரும்?"

இப்படி ஒரு மனைவியிடம் போய், 'நான் ஏறவும் இல்லை, படகும் இல்லை' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன மிஞ்சும்? அதனால்தான் படகை ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மனைவிக்கு மட்டும் தனியாக ஒரு உச்சி வைத்துக்கொள்ள முடியாதே! முதல் நாள் பயந்து நடுங்கினார். எவனாவது இறங்கி வந்து, 'படகு எங்கய்யா?' என்று சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தார். முதல் ஆள் இறங்கி வந்தான். பதிவேட்டில் எழுதினான்: 'வெள்ளைப் படகு அருமை.' அடுத்தவனும் அதையே எழுதினான். மூன்று மணி நேரம் வெயிலில் நாக்குத் தள்ள ஏறிவிட்டு, 'என் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை' என்று எழுத எவனுக்கு மனசு வரும்?

இன்னொரு தலைவலியும் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில் வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நாளில், சீட்டு அறை அலுவலர் தாமே ஏறிப் பார்த்து, காட்சி நன்றாகத் தெரிகிறது என்று சான்று எழுத வேண்டும். அந்த நாளில் ஏற முடிந்தால் எந்த நாளிலும் ஏற முடியும் என்பது தலைமை அலுவலகத்தின் கண்டுபிடிப்பு. இதைக் கண்டுபிடித்தவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்திருப்பார். அன்றைக்கு மட்டும் சாவியை விசில்காரரிடம் கொடுக்கலாம். மற்ற நாட்களில் விசில்காரரின் வேலை, பாதி வழியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டு, ஐந்து மணிக்கு எல்லோரும் இறங்கும்படி விசில் அடிப்பது. சத்தம் உச்சிவரை கேட்கும் என்பதால் அவரும் தொட்டியைத் தாண்டியதில்லை.

ஆய்வு நாளில் உச்சி சார் காலையில் விறைப்பாகப் புறப்படுவார். முதல் வளைவு திரும்பியதும் புதருக்குள் நுழைந்து, சீட்டு அறையின் பின்கதவு வழியாகச் சாமான் அறைக்குள் போய், பழைய பதிவேடுகளை அடுக்கி அதன் மேல் தூங்கிவிடுவார். நாலு மணிக்கு எழுந்து பூந்தொட்டி மண்ணை எடுத்து ஷூவில் பூசிக்கொள்வார். தலையில் ஒரு இலையைச் சொருகிக்கொள்வார். வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டு போவார். அங்கே தையலக்கா வெந்நீர் போட்டு, எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பார். புருஷன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக நீவி விடுவார். முட்டியில் அழுத்தும்போது உச்சி சார், "அம்மாடி!" என்பார். முதல் வருஷம் மனசு குத்தியது. மூன்றாவது வருஷம் சுகமாகத்தான் இருந்தது.

தையலக்காவும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார், என்னையும் ஒருநாள் கூட்டிப் போங்களேன் என்று. மழைக்காலத்தில் பாறை வழுக்கும். பனிக்காலத்தில் எதுவும் தெரியாது. கோடையில் தையலக்காவுக்கே ஒழியாது. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின்கள், மூன்று பள்ளிக்கூடங்களின் சீருடைகள். பள்ளி திறப்பதற்கு முன்னால் அத்தனையும் தைத்து முடித்தாக வேண்டும். உச்சி சார் கோடையை நம்பித்தான் இருபத்திரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினார்.

இந்த வருஷம் துணி மூட்டை வரவில்லை. லாரி எங்கோ நின்றுவிட்டதாம், வர இரண்டு நாளாகுமாம்.

"ஏங்க, நாளைக்குத்தானே ஆய்வு?" என்றார் தையலக்கா, மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டே. "நானும் வர்றேன்."

உச்சி சார் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "வெயில் மண்டையைப் பொளந்துடும்மா."

"நீங்க இருபத்திரண்டு தடவை ஏறலையா?"

"அது பழக்கம்."

"முன்னாடி நடந்து பழக்கத்தைக் காட்டுங்க, பின்னாலயே வர்றேன். அந்தப் படகை நான் ஒரு தடவையாவது பார்த்துடணுங்க. எனக்கும் அம்பது ஆகப்போகுது."

அப்புறம் என்ன பேச முடியும்?

மறுநாள் காலை சாவியை வாங்கிக்கொள்ள நின்ற விசில்காரர், தம்பதி சமேதராக வருவதைப் பார்த்து முழித்தார். "சார், மேலயா?" என்றார்.

"மேலதான்யா. வேற எங்க?"

"இல்ல சார், நிஜமாவே மேலயான்னு கேட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு உட்காருய்யா!" என்று சீறிவிட்டு உச்சி சார் நடந்தார். முதல் வளைவு வந்தது. அவருடைய கால்கள் பழக்கதோஷத்தில் புதர்ப் பக்கம் திரும்பின. "அங்க எங்கங்க போறீங்க?" என்று கேட்டார் தையலக்கா. "வழியில பாம்பு கீம்பு இருக்கான்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வளைவைத் தாண்டினார்.

தாண்டியதும் தெரிந்தது, மலை எவ்வளவு பெரியது என்று. கீழேயிருந்து பார்த்தபோது இவ்வளவு பெரிதாக இல்லையே! அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாறை தோசைக்கல்லாகச் சுட்டது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். ஆனால் வழி தெரிந்தவர் அல்லவா, பேசாமல் வர முடியுமா?

"இந்தத் திருப்பம் தாண்டினா ஒரு பெரிய நிழல் இருக்கு."

திருப்பம் தாண்டினால் மொட்டைப் பாறை, வெயிலில் பளபளவென்று.

"நிழல் எங்கங்க?"

"போன வருஷம் வரைக்கும் இருந்துச்சே! வெட்டிட்டானுங்க போல, படுபாவிங்க."

அடுத்து வழி இரண்டாகப் பிரிந்தது. உச்சி சார் ஒரு நொடிகூடத் தயங்காமல் இடது பக்கம் திரும்பினார். கால் மணி நேரம் முள்ளில் மாட்டிக்கொண்டு நடந்தால், பூட்டிக்கிடந்த ஒரு பம்ப் அறையில் போய் வழி முடிந்தது. அறைச் சுவரில் 'வழி இல்லை' என்று எழுதியிருந்தது. இருவரும் அதை இரண்டு தடவை படித்தார்கள்.

"போன வருஷம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார் உச்சி சார்.

"வழியை மாத்திட்டாங்களா?"

"ஆமாம்மா. வருஷா வருஷம் எதையாவது மாத்திக்கிட்டே இருப்பாங்க."

தையலக்கா புடவையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிப் போட்டார். வலது வழியில் போனால் படிகள் தொடங்கின. முந்நூறு படி என்று உச்சி சார் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர். தையல்காரிக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? முந்நூறு தாண்டியது. நானூறு தாண்டியது. ஐந்நூற்று எழுபதில் உச்சி சார் உட்கார்ந்துவிட்டார். முகம் மிளகாய்ப் பழமாகியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் அவருக்கே கேட்டது. மனைவி முந்தானையால் விசிறி, தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்.

"புதுசா படி கட்டியிருக்காங்க," என்றார் உச்சி சார், கண்ணைத் திறக்காமல்.

"பேசாதீங்க. மூச்சு விடுங்க. இந்தக் கால்ல இத்தனை வருஷம் எப்படிங்க ஏறினீங்க?" தையலக்கா அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டார். "வீட்டுக்குப் போனதும் நல்லா எண்ணெய் போட்டு நீவி விடறேன்."

அதைக் கேட்டதும் உச்சி சாருக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு தடித்த மனிதர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"அட, உச்சி சார்! நேத்து சீட்டு கொடுக்கும்போது நீங்க சொன்ன மாதிரியே இருக்கு சார்! ஏரி, பாலம், எல்லாம் அப்படியே! அந்த வெள்ளைப் படகு இருக்கே, அடடா! ஆளே இல்ல சார்!"

"பார்த்தீங்களா?" என்றார் உச்சி சார், எழுந்து நின்று.

"கண்ணால பார்த்தேன் சார்! போட்டோவே எடுத்தேன்!"

மனிதர் போய்விட்டார். தையலக்காவின் முகம் சின்னப் பெண் முகமாக மலர்ந்துவிட்டது. உச்சி சாருக்குத் தலை சுற்றியது, ஆனால் இந்தத் தடவை வெயிலால் அல்ல. ஒருவேளை இருக்குமோ? இருபத்திரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள், அத்தனை பேருமா புளுகுவார்கள்? தான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய், அது நிஜமாகவே அங்கே இருந்து தொலைத்தால்? கடவுளே, இருக்கட்டும், இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டே மிச்சப் படிகளை நாலு கால் பாய்ச்சலில், அதாவது கையையும் ஊன்றிக்கொண்டு, ஏறினார். மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று என்றார் தையலக்கா பின்னாலிருந்து.

உச்சி வந்தது. ஏரியும் இருந்தது. பாலமும் பதினேழு வீடுகளும் இருந்தன. நடுவே வெள்ளைப் படகும் இருந்தது.

எல்லாம் ஒரு பலகையில் இருந்தன.

இருபதடி அகலம், பத்தடி உயரம். காட்சிமுனையின் விளிம்பில், எங்கிருந்து ஏரி தெரிய வேண்டுமோ சரியாக அந்த இடத்தில், இரும்புத் தகடு அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதில் பளிச்சென்ற நீலத்தில் ஏரியை வரைந்திருந்தார்கள். பலகையின் இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி. சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்க்க ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை, அந்தப் பக்கம் பாதாளம். பலகைக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. "ஏரி நல்லா தெரியுற மாதிரி எடுங்க," என்றாள் ஒரு பெண்.

தையலக்கா கிட்டே போனார். அடியில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். "இங்கிருந்து காணக்கூடியவை. ஒன்று, கண்கொள்ளாத ஏரி. இரண்டு, ரயில் பாலம்..." படித்துக்கொண்டே போனார். "நான்கு, ஆளில்லாமல் தனியே நிற்கும் வெள்ளைப் படகு. தகவல் உதவி, சீட்டு அறை அலுவலர்."

உச்சி சாருக்கு நினைவு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து எப்போதோ ஒரு கடிதம் வந்ததே, உச்சியில் பலகை வைக்கப் போகிறோம், என்னென்ன தெரியும் என்று எழுதி அனுப்பு என்று! இரண்டு பக்கத்துக்கு எழுதி, படம் வேறு போட்டு அனுப்பிவைத்தாரே! பெஞ்சு ஓரத்தில் ஒரு சின்னப் பலகை வைப்பார்கள் என்றல்லவா நினைத்தார்!

"இது எப்பங்க வெச்சாங்க?" என்று திரும்பினார் தையலக்கா.

"போன வருஷம் வரைக்கும்..."

பலகையின் மூலையில் அது வைக்கப்பட்ட வருஷத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தையலக்கா அதையும் பார்த்தார், புருஷனையும் பார்த்தார். பிறகு மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தார்.

"ஒன்பது தடவை வந்திருக்கீங்க, இது இங்க நிக்கும்போது. ஒரு தடவைகூட வீட்டுல வந்து சொல்லலையே?"

உச்சி சார் வெயிலில் நின்றார். இடது வழி, நிழல், முந்நூறு படி எல்லாம் ஒவ்வொன்றாக மனைவியின் முகத்தில் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இனி ஒளிவதற்குப் புதரும் இல்லை.

"நான் ஏறினதே இல்லம்மா," என்றார். "ஒரு தடவைகூட இல்ல. சாமான் ரூம்ல படுத்துத் தூங்கிட்டு வருவேன். படகு... அது நானா சொன்னது."

தையலக்கா படகைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ எண்ணெய்?"

உச்சி சார் தலையைத் தொங்கப்போட்டார்.

"மண்ணு? ஷூவுல இருந்த மண்ணு? துடைச்சு வெச்சேனே!"

"பூந்தொட்டி மண்ணு."

"முட்டியில அழுத்தினா அம்மாடின்னு கத்துவீங்களே? அய்யோ, ரொம்ப அழுத்திட்டேனோன்னு நான் ராத்திரியெல்லாம்..." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பிய பக்கம் பலகைதான் இருந்தது.

அப்போதுதான் அது தையலக்காவின் கண்ணில் பட்டது. பலகையில் கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு போல்ட் கழன்று விழுந்திருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கண் அல்லவா, விடுமா? கொண்டுவந்த துண்டை விரித்து மண்டியிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்தார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. உச்சி சார் பக்கத்தில் கைகட்டி நின்றார். "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் இன்றைக்குக் கேட்கிற இடத்தில் நின்றார்.

தையலக்கா எழுந்து, 'பாருங்க' என்பதுபோல் ஓட்டையைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்தார். உச்சி சார் மண்டியிட்டார். முட்டி இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

ஏரி இருந்தது. அவர் சொன்னதைவிடப் பெரிய ஏரி. பலகையில் இருக்கும் நீலம் அதில் எங்கேயும் இல்லை. என்ன நிறம் என்றே சொல்லத் தெரியவில்லை, காற்று போகப்போக மாறிக்கொண்டே இருந்தது. பாலத்தில் ஒரு ரயில்கூட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. படகு மட்டும் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஏரியைப் பார்க்காமலே இத்தனை வருஷம் கூவிக் கூவி விற்றிருக்கிறோமே என்று விசும்பினார்.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க," என்றார் படம் பிடிக்கிற குடும்பத்துக்காரர். "ஏரியை மறைக்கிறீங்க."

இறங்கும்போது தையலக்கா பத்துப் படி முன்னால் போனார். ஏறியதைவிட இறங்குவதுதான் உச்சி சாருக்குக் கஷ்டமாக இருந்தது. சீட்டு அறைக்கு வந்ததும் தையலக்கா ஜன்னலில் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கினார். விசில்காரர் பயந்துபோய்ப் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தார். 'பலகைக்குப் பின்னால் ஏரி இருக்கிறது. மிகப் பெரியது. படகு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிவிட்டுப் பதிவேட்டைப் புருஷன் பக்கம் திருப்பி வைத்தார்.

பக்கத்தில் 'அலுவலர் பதில்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்துமூன்று வருஷமாக உச்சி சார் அதில் 'நன்றி' என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு எழுதியதில்லை. மாதக் கடைசியில் பதிவேடு தலைமை அலுவலகம் போகும். அவர்கள் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். உச்சி சார் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதினார்: 'உண்மை. இத்தனை ஆண்டுகளில் இன்றுதான் முதல் முறையாக ஏறினேன். இதற்கு முன் நான் எழுதிய சான்றுகள் எல்லாம் பொய். படகும் நான் சொன்ன பொய்.' கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது.

தையலக்கா அதை முழுதாகப் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று மாலை உச்சி சார் நிஜமாகவே நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, எண்ணெய் காய்ச்சிய மணம் வந்தது. மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவுக்கும் பிறகா? முன்னறையில் தையலக்கா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் முக்காலி மேல் நீட்டியிருந்தார். எண்ணெய்க் கிண்ணம் தரையில் இருந்தது.

"உட்காருங்க," என்றார்.

உச்சி சார் தரையில் உட்கார்ந்து, மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மிஷின் மிதித்துக் காய்த்துப்போன பாதம். இத்தனை வருஷத்தில் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. விரல் விரலாக நீவினார்.

"படகை எதுக்குங்க சொன்னீங்க?" என்று கேட்டார் தையலக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நீ டேப்பைச் சுருட்டிட்டே. சொல்றதுக்கு வேற ஒண்ணுமில்ல. நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

மடியில் இருந்த கால் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறி நிமிர்ந்து பார்த்தால், தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த ஒரு கை நீளமா போச்சே," என்றார். "அது நான் வேணும்னே தெச்சது." சிரித்து முடித்ததும் முகம் மறுபடி இறுகியது. "ஆனா எண்ணெயை மன்னிக்க மாட்டேன். இன்னும் இருபத்தியொரு வருஷம் நீங்கதான் தேய்க்கணும்."

மாதக் கடைசியில் பதிவேடு போயிற்று. உச்சி சார் வேலை போகப்போகிறது என்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து நாலு மாதம் தள்ளினார். ஏற வருகிறவர்களிடம் இப்போதெல்லாம், "ஏரி தெரியும், கீழ குனிஞ்சு ஓட்டை வழியா பாருங்க," என்று மட்டும் சொன்னார். யாரும் அதை நம்பவில்லை. கடைசியில் ஒருநாள் கடிதம் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிரித்தார்.

'பதிவேட்டில் உள்ள புகார் பரிசீலிக்கப்பட்டது. பலகையில் கண்ட பொருள்களில் வரிசை எண் நான்கு, வெள்ளைப் படகு, ஏரியில் இல்லை எனத் தெரியவருகிறது. இக்குறையைப் போக்க ஏரி நடுவே வெள்ளைப் படகு ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. பலகை நல்ல நிலையில் உள்ளதால் அதை அகற்றத் தேவையில்லை. அடுத்த ஆய்வில் தாங்கள் வழக்கம்போல் நேரில் ஏறிப் பார்த்துச் சான்று அனுப்பவும்.'

வழக்கம்போலாம்!

அடுத்த கோடையில் ஆய்வு நாளன்று இருவரும் ஏறினார்கள். துணி மூட்டை வந்திருந்தும் தையலக்கா மிஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தார். அறுநூற்றுப் பதினோரு படியில் எட்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். உச்சியில் தையலக்கா துண்டை விரித்து, ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"இருக்கா?"

"இருக்குங்க. வெள்ளையா, அம்சமா இருக்கு."

"ஆளில்லாமத்தானே?"

தையலக்கா இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். காக்கிச் சட்டை. படகை யாரும் தூக்கிட்டுப் போயிடாம காவலுக்குப் போட்டிருக்காங்க போல."

உச்சி சாரும் குனிந்து பார்த்தார். ஆமாம், காவலாளி ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, நடு ஏரியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு எப்போது மாற்று ஆள் வருமோ, தெரியவில்லை. உச்சி சார் பாறையில் உட்கார்ந்து சான்றுத் தாளை மடியில் விரித்தார். பேனாவைத் திறந்தவர் எழுதாமல் நிறுத்தினார்.

"போன தடவை அவ்வளவு எழுதினேன், ஒரு பயலும் படிக்கல. இதை மட்டும் எவன் படிக்கப்போறான்?"

"நான் படிச்சேன்ல?" என்றார் தையலக்கா. "உள்ளதை எழுதுங்க."

உச்சி சார் எழுதினார்: 'படகு உண்டு. ஆளும் உண்டு.'